ரப்பர கீழ வச்சிருய்யா

யய்யா,

நல்லா இருக்கியா. போன்ல ஆரம்பிச்சா அஞ்சு நிமிசத்துல "மீட்டிங் இருக்கும்மா"ன்னு வச்சிருத, நேர்ல சொல்லலாம்னா மருமவளும் பாப்பாவும் பக்கத்துலயே இருக்காவ. அதான் ரெண்டு மூணு நாளா இந்த போன்ல கொஞ்சம் கொஞ்சமா தட்டி எழுதுதேன், பைய வாசி. இங்கன முக்கூடல்ல மழ விட்டுட்டு, ஆத்துல தண்ணி இன்னும் கலங்கலாத்தான் போவுது, அப்பாவுக்கு முட்டி வலி பரவால்ல.

போன மாசம் மேடவாக்கத்துல ஒங்க வீட்டுல பத்து நாள் இருந்தேம்லா, அதுல ஒரு ராத்திரி மட்டும் மனச விட்டு போவ மாட்டேங்கு. பாப்பா டைனிங் டேபிள்ல உக்காந்து கழித்தல் கணக்கு போட்டுக்கிட்டு இருந்தா, மூணாங்கிளாஸ் புள்ள, 402ல இருந்து 178 போவணும். நீ ஆபீஸ்ல இருந்து வந்து சட்டையக் கூட மாத்தல, ஒரு பக்கம் லேப்டாப்ப தொறந்து வச்சிக்கிட்டு அவ பக்கத்துல சேர இழுத்துப் போட்டு உக்காந்த. அவ 6 போட்டா, 7 போட்டா, 3 போட்டு 376ன்னு முடிச்சி பென்சில கீழ வைக்கங்குள்ள நீ ரப்பர எடுத்து பரபரன்னு அழிச்சிட்ட. "கடன் வாங்கணும்னு எத்தன தடவ சொல்லுதது"ன்னு அவ கைய புடிச்சி நீயே 224ன்னு எழுத வச்ச. புள்ள அழல. அடுத்த கணக்குல ஒரு நம்பர் எழுதுனா, நிமிந்து ஒன் மொகத்தப் பாத்தா, நீ ஒன்னும் சொல்லலன்னதும் அடுத்த நம்பர் எழுதுனா, திரும்ப நிமிந்து பாத்தா. அந்த பக்கம் முடியுத வரைக்கும் அப்படியேதான்.

அந்த பார்வை எனக்கு நல்லா தெரியும்யா. ஒனக்கு அதைப் பழக்கி விட்டவ நாந்தான்.

ஒனக்கு நெனப்பிருக்கோ என்னமோ, 2002ல நீ ஆறாங்கிளாஸ், பள்ளிக்கூடத்துல சயின்ஸ் எக்ஸிபிஷன். பாபநாசம் டேம் செய்யணும்னு நீதான் சொன்ன. அப்பா ஜங்ஷனுக்குப் போயி தெர்மாகோல், ஃபெவிகால், நீலக் கலர் பேப்பர் எல்லாம் வாங்கிட்டு வந்தாவ, ரெண்டு ராத்திரி முழிச்சு நானும் அவியளும் செஞ்சோம், தண்ணிக்கு ஒடஞ்ச கண்ணாடிய வெட்டி அடியில வச்சோம், அம்புட்டு அழகா வந்துச்சு. நீ வந்து "யம்மா நான் இந்த மதக ஒட்டுதேன்"னு கேட்ட. "தொடாதல, கோணலாயிரும்"னு சொல்லி ஒன்னய தூங்க அனுப்புனேன். மறுநாள் பாக்க வந்த சார் ஒருத்தர் ஒன்கிட்ட குனிஞ்சு கேட்டாரு, "தம்பி, இந்த டேம்ல எத்தன அடி வரைக்கும் தண்ணி நிக்கும்?"

ஒனக்கு அது தெரியாத விசயமா. ஒங்க தாத்தா தெனம் காலையில பேப்பர் வந்தவொடனே மொதல்ல பாக்கது டேம் லெவல்தான், கார் சாகுபடிக்கு தண்ணி தொறப்பாவளா மாட்டாவளான்னு அதுல இருந்துதான் கணக்கு போடுவாவ, நீ மடியில உக்காந்துக்கிட்டு பாபநாசம் 143, மணிமுத்தாறு 118ன்னு பாட்டு கணக்கா சொல்லுவ. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவ. அப்படிப்பட்ட புள்ள அந்த சார் கேட்டதும் வாயத் தொறக்காம திரும்பி என் மொகத்தப் பாத்தியே ராசா. நான் பின்னால நின்னு வாய மட்டும் அசைச்சேன், நூத்தி நாப்பத்தி மூணுன்னு. நீ என் ஒதட்டப் பாத்து சொன்ன. ரெண்டாவது பரிசு எவர்சில்வர் டம்ளர், இன்னும் அடுக்களையில இருக்கு. அன்னைக்கி எனக்கு சந்தோசம் தாங்கல. தெரிஞ்ச விசயத்தக் கூட என் மொகத்துல உறுதி பண்ணாம ஒன்னால சொல்ல முடியலங்கது எனக்கு அப்ப ஒறைக்கவே இல்ல.

இன்னொன்னும் இருக்கு, இத ஒன்கிட்ட நான் சொன்னதே இல்ல. எட்டாங்கிளாஸ்ல ஒரு பரீட்சையில ரெண்டு மார்க் கொறச்சுட்டாருன்னு பேப்பர எடுத்துக்கிட்டு ஸ்டாஃப் ரூம் வாசல்ல போயி நின்னேன். சத்தமாத்தான் பேசுனேன். அந்த சார் ஒன்னுமே சொல்லாம ரெண்டு மார்க்கப் போட்டுக் குடுத்துட்டாரு. அதுக்குப் பொறவு அந்த வருசம் பூரா ஒன் நோட்டுல டிக்கு மட்டுந்தான் இருந்துச்சு. நான் பெருமப்பட்டுக்கிட்டேன். ரொம்ப வருசம் கழிச்சு ஒரு கல்யாண வீட்டுல அந்த சாரு பந்தியில பக்கத்துல உக்காந்தாரு, பேச்சுவாக்குல சொன்னாரு, "ஒங்க பையன்கிட்ட தப்பு இருந்தாலும் சுழிக்க யோசனையா இருக்கும்மா, எதுக்கு வம்புன்னு விட்டுருவேன்". எனக்கு சோறு எறங்கல. ஒரு வருசம் ஒனக்கு ஒரு வாத்தியார இல்லாம ஆக்கியிருக்கேன் நான், ரெண்டு மார்க்குக்காக.

நம்ம தெருவுல எதுத்த வீட்டு அக்கா, பீடி சுத்துவாவளே, அவிய மவளும் ஒன் வகுப்புதான். அந்த அக்காவுக்கு கையெழுத்து போட மட்டுந்தான் தெரியும். சாயங்காலம் திண்ணையில சொளவ மடியில வச்சி, வெட்டுன இலையில தூளப் பரத்தி உருட்டி, நூலக் கட்டி, தலைய மடக்கி வச்சிக்கிட்டே இருப்பாவ, ஒரு நாளைக்கி ஆயிரம் சுத்துனாத்தான் கட்டுப்படியாவும். மவ பக்கத்துல உக்காந்து பாடத்த சத்தமா வாசிப்பா. அக்கா எடையில "அப்படின்னா என்னட்டி?"ன்னு கேப்பாவ. நெசமாவே தெரியாமத்தான் கேப்பாவ. இவ சொல்லுவா, அவியளுக்கு வெளங்காது, "எனக்கு புரியுத மாதிரி சொல்லு"ம்பாவ, இவ இன்னொரு தடவ வேற மாதிரி சொல்லுவா, சொல்லும்போதே அவளுக்கு எங்க தெரியலன்னு அவளுக்கே தெரிஞ்சிரும், போயி டீச்சர்ட்ட கேட்டுட்டு வருவா. நான் எங்க வீட்டு நடையில இருந்து அதைப் பாத்து, பாவம் இந்தப் புள்ளைக்கி சொல்லிக் குடுக்க ஆளில்லையேன்னு நெனப்பேன். அவ இப்ப பாளையங்கோட்டையில நர்ஸா இருக்கா, அவ பிழைப்ப அவதான் பாத்துக்கிட்டா.

நீ 2008ல ப்ளஸ் டூ, 1200க்கு 1096. ஊரே பேசுச்சு. டைம் டேபிள் போட்டது நான், காலைல நாலு மணிக்கி எழுப்புனது நான், கேள்வி கேட்டு ஒப்பிக்க வச்சது நான், எந்த பாடத்த விடலாம் எத விடக்கூடாதுன்னு சொன்னது கூட நாந்தான். அப்பொறம் ஹாஸ்டல் போன. மொத செமஸ்டர்லயே மேத்ஸ்ல அரியர். அன்னைக்கி ராத்திரி போன் பண்ணி நீ சொன்னது இன்னும் காதுல கெடக்கு: "யம்மா, பக்கத்துல யாராவது இருந்தாத்தான் எனக்கு புக்கத் தொறக்கவே வருது, எங்கன ஆரம்பிக்கன்னு தெரியல." பதினேழு வயசுப் பையன். அதுல இருந்து நீ வெளிய வர ரெண்டு வருசம் ஆச்சு, அதையும் நீயா கத்துக்கிட்டுத்தான் வந்த. அந்த ரெண்டு வருசத்த நாலாங்கிளாஸ்ல அஞ்சாங்கிளாஸ்லயே ஒனக்கு நான் குடுத்திருக்கணும், அங்க தப்பு பண்ணுனா அரை மார்க்குதான போவும்.

கொரோனாவுக்குப் பொறவு இல்லம் தேடிக் கல்வி வந்தப்ப நான் தன்னார்வலரா சேந்தேம்லா, நம்ம திண்ணையில சாயங்காலம் பதினெட்டு பொடிப்புள்ளைங்க. அங்கதான் எனக்கு கண்ணு தொறந்துச்சு. வீட்டுல ஆளு உக்காந்து எழுதிக் குடுத்த நோட்டு பாத்தவொடனே தெரியும், அம்புட்டும் சரியா இருக்கும், புள்ளைகிட்ட சிலேட்ட குடுத்தா ஒன்னும் வராது. அப்ப பக்கத்து பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தங்க ஒரு ஆராய்ச்சி பத்தி சொன்னாங்க. அமெரிக்காவுல சிகாகோ பக்கத்து ஆளுங்க செஞ்சது, 2015ல வந்தது, ஒன்னாங்கிளாஸ் ரெண்டாங்கிளாஸ் புள்ளைங்க 438 பேர வச்சி பாத்திருக்காங்க. கணக்குன்னாலே பயப்படுத அப்பா அம்மா அடிக்கடி வீட்டுப்பாடத்துல ஒதவுனா அந்த வருசத்துல புள்ளைங்க கணக்கு கொறைவாத்தான் கத்துக்கிடுது, வருசக் கடைசில பயமும் கூடிருது. அதே பயம் உள்ளவங்க அடிக்கடி ஒதவப் போகாத வீட்டுல அந்த பாதிப்பு இல்லையாம். வாசிப்புலயும் அது இல்லையாம், கணக்குலதான். பத்தாவதுல கணக்குல 38 எடுத்து தப்பிச்சவ நான், ஒனக்கு கணக்கு சொல்லிக் குடுக்கயில என் கையி நடுங்குனது எனக்குத்தான் தெரியும், அந்த நடுக்கம் ஒனக்கு ஏறாம வேற யாருக்கு ஏறும். இன்னும் ரெண்டு பேராசிரியர்ங்க, ராபின்சன், ஹாரிஸ்னு, 2014ல பெத்தவங்க செய்யுத 63 விதமான காரியத்த எடுத்துப் பாத்திருக்காங்க, பாதிக்கு மேல மார்க்குக்கு ஒன்னும் பிரயோசனமில்ல, வீட்டுப்பாடத்துல ஒதவுதது புள்ளைங்க கொஞ்சம் வளந்த பொறவு மார்க்க கீழ கூட இழுக்குதாம். சின்னப் புள்ளைக்கி கதை வாசிச்சுக் காட்டுதது, பெரிய புள்ளைகிட்ட மேல என்ன படிக்கப் போறன்னு பேசுதது, இப்படி கொஞ்சந்தான் ஒதவுதுன்னு சொன்னாங்க.

யய்யா, நீ அழிச்ச அந்த 376 இருக்குல்லா, அது பாப்பாவோட டீச்சருக்குப் போவ வேண்டிய சேதி. இந்தப் புள்ளைக்கி கடன் வாங்குதது இன்னும் வெளங்கலன்னு அந்த ஒரு நம்பர் சொல்லும். நீ 224ன்னு போட்டு அனுப்பிட்ட, அவிய டிக் பண்ணி அடுத்த பாடத்துக்குப் போயிருவாவ, முப்பது நாப்பது புள்ளைங்கள வச்சிருக்கவ வேற என்ன செய்வா. பாப்பா மட்டும் அங்கயே நிப்பா, யாருக்கும் தெரியாம.

மறுநாள் நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிருந்தியள்ல, பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் கேட்டேன், "நேத்து 376 எப்படிட்டி வந்துச்சு?" கொஞ்ச நேரம் பயந்துக்கிட்டு நின்னா, வையமாட்டேன்னு தெரிஞ்சதும் சொன்னா, "சின்னதுல இருந்து பெருசு போகாதுன்னு மிஸ் சொன்னாங்க ஆச்சி, அதனால பெருசுல இருந்து சின்னத கழிச்சேன்." பாத்தியா, புள்ள யோசிச்சுத்தான் போட்டிருக்கா. பீரோல இருந்து நாலு நூறு ரூவா நோட்டும் ரெண்டு ஒத்த ரூவாயும் எடுத்து அவ கையில குடுத்து, நான் கடைக்காரி, 178 ரூவா எடுன்னேன். ஒரு நூறக் குடுத்தா, பொறவு முழிச்சா, "ஆச்சி சில்லறை வேணும்"னா. நூறுக்கு பத்து பத்து ரூவா நோட்டு குடுத்தேன், ஏழு நோட்ட எண்ணி வச்சா, அப்புறம் பத்துக்கு ஒத்த ரூவாயா கேட்டா. குக்கர் நாலு விசில் வந்துட்டு அதுக்குள்ள. வாய மூடிக்கிட்டு இருக்கது எனக்கு எம்புட்டு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா, நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு, சேலைத் தலைப்ப வாயில வச்சிக்கிட்டேன். எல்லாம் முடிச்சு காயிதத்துல எழுதுனா, 234. நான் சரின்னும் சொல்லல தப்புன்னும் சொல்லல, மாவாட்டப் போயிட்டேன். மறுநாள் காலைல வாயில பிரஷ்ஷோட ஓடி வந்தா, "ஆச்சி, ஒரு பத்து ரூபாய சில்லறைக்கு குடுத்துட்டேன்ல, அது அங்க இல்லல்ல, 224!" அப்ப அவ என் மொகத்தப் பாக்கல, சொல்லிட்டு நுரையோட பாத்ரூமுக்கு ஓடிட்டா.

இதை நான் மருமவள கொறை சொல்லுததா நெனச்சிராத. அவ வேலையும் பாத்து, ராத்திரி ஒம்போதரைக்கு அந்த கிளாஸ் குரூப்புல வார மெசேஜ் எல்லாத்துக்கும் பதிலும் சொல்லி, சார்ட்டு ஒட்டி, ஓஞ்சி போயிருக்கா. மத்த அம்மாமாரெல்லாம் செய்யுதாவளே, நம்ம புள்ள மட்டும் பின்னால போயிருமோன்னு பயம். அந்த பயத்துலதான் நானும் செஞ்சேன். 2017ல கவர்மெண்டே ஸ்டேட் ரேங்கு வெளியிடுதத நிறுத்திட்டு, வீட்டுக்குள்ள நமக்குத்தான் நிறுத்த மனசு வரல. கண்டுக்கிடாம விட்டுருன்னும் நான் சொல்லல. தெனம் ஒரே நேரத்துக்கு டிவிய ஆஃப் பண்ணி ஒக்கார வைய்யி, ராத்திரி வெரசா தூங்க வைய்யி, படுக்கையில ஒரு கதை வாசிச்சுக் காட்டு. அவ கேட்டா மட்டும் பக்கத்துல போ, போனாலும் "நீ எப்படி போட்ட, எனக்குச் சொல்லு"ன்னு கேளு. நோட்டு தப்போட போனா போவட்டும், மிஸ்ஸுக்கு ஒரு வரி எழுதி அனுப்பு, இது அவளா போட்டது, பாத்துக்கோங்கன்னு. ரப்பர் அவ கையில இருக்கட்டும்.

அரையாண்டு லீவுக்கு பாப்பாவ இங்கன கொண்டாந்து விடு, பொங்கல் வரைக்கும் இருக்க முடியாட்டாலும் ஒரு வாரம் இருக்கட்டும். பனங்கெழங்கு வர ஆரம்பிச்சிட்டு, அவிச்சு வைக்கேன். தாத்தா கணக்கா இப்ப ஒங்கப்பாவும் காலைல பேப்பர விரிச்சா டேம் லெவல்லதான் நிக்காவ, பாப்பா வந்தா அவளத்தான் வாசிக்கச் சொல்லணும்னு இப்பவே சொல்லிக்கிட்டு இருக்காவ. நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டா சொல்லு, அப்பா ஜங்ஷனுக்கு வந்துருவாவ.

அம்மா