ஆன்டிஜென் வரும் முன்பே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நோய் எதிர்ப்பு மண்டலம் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. ஆயினும், உள்ளே நுழையும் ஆன்டிஜெனை (நோய் எதிர்ப்பைத் தூண்டும் அயல்பொருளை) அளவெடுத்து அதற்கேற்ற ஆன்டிபாடியை (அதைப் பற்றும் எதிர்ப்புப் புரதத்தை) உடல் தைத்துக்கொள்கிறது என்ற பொருளில் அமைந்த பத்தி திருத்தப்பட வேண்டியது. 1940-இல் புகழ்பெற்ற வேதியியலாளர் லைனஸ் பாலிங்கே ஏறக்குறைய இவ்வாறுதான் கருதினார் என்பதால், கட்டுரையாளரைப் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், 1957-இல் ஆஸ்திரேலிய அறிவியலாளர் மக்ஃபர்லேன் பர்னெட் முன்வைத்த, ஏற்கெனவே உள்ள செல்களில் பொருந்துவது தேர்வாகிப் பெருகுகிறது என்னும் குளோன் தேர்வுக் கொள்கையும் அதை உறுதிசெய்த சோதனைகளும் அந்தக் கருத்தைக் கைவிடச் செய்துவிட்டன.

ஆன்டிஜெனை உடல் ஒருமுறைகூடச் சந்திப்பதற்கு முன்பே, வெவ்வேறு வடிவ ஏற்பிகளை (ஆன்டிஜெனைப் பற்றும் புரதங்களை) மேற்பரப்பில் தாங்கிய கோடிக்கணக்கான பி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் நம்மிடம் இருக்கின்றன. மரபணுத் துண்டுகள் தற்செயலாக வெட்டி இணைக்கப்படுவதால் இந்தப் பன்மை உண்டாகிறது. அந்த மறுசீரமைப்பை 1976-இல் வெளிப்படுத்தியவர் ஜப்பானிய அறிவியலாளர் சுசுமு டோனெகாவா. ஆன்டிஜெனின் எபிடோப் எனப்படும் சிறு பகுதியோடு எந்தச் செல்லின் ஏற்பி பொருந்துகிறதோ, அந்தச் செல்லே, பெரும்பாலும் உதவி டி செல்கள் என்னும் மற்றொரு வகை வெள்ளணுக்களின் துணையோடு, பெருகி ஆன்டிபாடியைச் சுரக்கிறது. முதல் தொற்றின்போது ஆன்டிபாடி போதிய அளவில் உருவாக ஓரிரு வாரங்கள் ஆவதற்கு இந்தப் பெருக்கமே முக்கியக் காரணம். தையல் உவமையை விட மனமில்லையென்றால், ஆயத்த ஆடைகளில் பொருந்துவதை எடுத்து, பின்னர் சற்றே பிடித்துத் தைப்பதாகச் சொல்லலாம். ஏனெனில் நிணநீர் முடிச்சுகளில் அந்த மரபணுக்கள் மேலும் சிறு மாற்றங்களுக்கு உள்ளாகி, இறுகப் பற்றும் ஆன்டிபாடிகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

டி செல்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வியப்பளித்தது. பி செல்களைப் போல் அவை முழு ஆன்டிஜெனைப் பற்றுவதில்லை. புரதத்தைச் செரித்து, அதன் துணுக்கை எம்.எச்.சி. எனப்படும், செல்லின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறில் ஏந்தி மற்றொரு செல் காட்டினால்தான் அவை அடையாளம் காணும். டி செல்களுக்கு எம்.எச்.சி. இன்றியமையாதது என்பதை 1974-இல் கண்டறிந்த அறிவியலாளர்கள் சிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் 1996-இல் நோபல் பரிசு பெற்றனர். வைரஸ் புகுந்த செல்களை அழிப்பது பெருமளவு இந்த வழியில்தான் என்பதால், ஆன்டிபாடி அளவு குறைந்தாலே பாதுகாப்பு போய்விட்டது என்ற கட்டுரையின் முடிவும் ஐயத்துக்குரியது. முந்தைய தொற்றை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்களும் உடலில் எஞ்சியிருக்கும் என்பதைக் கட்டுரையாளர் கணக்கில் கொள்ளவில்லை. வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1846-இல் தட்டம்மை பரவியபோது, 1781-இல் அதே நோய் கண்டிருந்த முதியோர் தப்பியதைப் பீட்டர் பானும் என்ற டேனிஷ் மருத்துவர் பதிவுசெய்திருக்கிறார். இடைப்பட்ட 65 ஆண்டுகளில் அந்தத் தீவுகளில் தட்டம்மை இருக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்