திருகோணமலை இறக்கக்கண்டிக்குக் கமராவோடு வரும் தம்பி தங்கச்சிமாருக்கு

வணக்கம். போன ஞாயிறு காலை பாலத்தடியில் ட்ரோன் பறக்கவிட்ட உங்களோடு அந்த இடத்திலேயே கதைத்திருக்கலாம். கோபத்தில் வாய் தடித்துவிடும் என்று பேசாமல் வந்துவிட்டேன். அதுதான் இந்த மடல்.

அன்றைக்கு விடியமுன்னமே நிலாவெளி உப்பளப் பக்கம் போயிருந்தேன். வரம்போரம் நெடுங்கால் உள்ளான்கள் (உள்ளான் என்றால் சேற்றில் இரை தேடும் கரைப்பறவை) சிவப்புக் கால்களை மடக்கி எடுத்து நடந்தன. கொஞ்சம் தள்ளி கொசு உள்ளான் கூட்டம், தலை நிமிராமல் சேற்றைக் கொத்திக்கொண்டே ஓடியது. எண்ணிப் பார்த்தேன், இருநூறைத் தாண்டக் கண் குழம்பிவிட்டது. ஒரு குருவி 20, 30 கிராம்தான் வரும். அந்த உடம்போடு, குஞ்சு பொரிக்க ஆர்க்டிக் கரைவரை பறக்க வேண்டும்.

அப்புறம் இறக்கக்கண்டி. பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, களப்புப் (கடலோர உப்புநீர் ஏரி) பக்கம் திரும்பி நின்றேன். கடலில் எழும்பிய வெயில் முதுகில் விழ, முன்னால் பறவைகள் துலக்கமாய்த் தெரிந்தன. வளைமூக்கு உள்ளான்கள் சிலவற்றின் நெஞ்சில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாய் ஏறத் தொடங்கியிருந்தது. ஊருக்குப் போகிற உடுப்பு அது. ஊர் என்றால் சைபீரியாவின் வடகோடி. ஒருவர் தொடையளவு தண்ணீரில் வீச்சு வலையோடு போனார். பறவைகள் நாலடி விலகிவிட்டுத் திரும்பவும் மேயத் தொடங்கின. தினமும் அதே நடை, அதே வேகம். அவரை அவற்றுக்குத் தெரியும்.

உங்கள் ட்ரோனைத் தெரியாது. மேலே இரைச்சலோடு ஒன்று தொங்கினால் அவற்றுக்கு அது பருந்துதான். முழுக் கூட்டமும் ஒரேயடியாய்க் கிளம்பி, மூன்று சுற்றுச் சுற்றி, கடல் பக்கம் போயிற்று. நான் அரை மணித்தியாலம் நின்றேன். திரும்பி வந்தது பாதிகூட இல்லை. வீடியோ நன்றாகத்தான் வந்திருக்கும், மறுக்கவில்லை.

புரட்டாதி, ஐப்பசியில் இதே காரியம் நடந்தாலும் பிழைதான். ஆனால் மாசி, பங்குனி வேறு. மாரி மழைக்கு நிரம்பிய களப்பு இப்போதுதான் வற்றிச் சேறு வெளியே வருகிறது. புழுவும் சின்ன நண்டும் கைக்கெட்டுகிற காலம். சித்திரை முடியமுன் கிளம்ப வேண்டிய குருவிகள் தின்று தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றுவது இந்தக் கிழமைகளில்தான். ஒவ்வொரு முறை கலைக்கும்போதும் தின்றதில் கொஞ்சம் பறப்பிலேயே எரிந்துபோகிறது.

சட்டம் சொல்லிப் பயமுறுத்த வரவில்லை. வனசீவராசிகள் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது, வடக்கே கொக்கிளாய்க் களப்பு 1951இலிருந்து சரணாலயம். இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் கேட்பது சித்திரைவரை ட்ரோனைப் பெட்டிக்குள் வையுங்கள் என்பதுதான். சேற்றுக்குள்ளும் இறங்க வேண்டாம். காலை வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்க, தெருவில் நின்றே எடுக்கலாம். மோட்டார் சைக்கிளோரம் அசையாமல் இருந்தால் கால் மணித்தியாலத்தில் அவையே கிட்ட வரும். ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால், அடுத்த அடியை வைக்கமுன் கீழே பாருங்கள். மண் நிறத்தில் கறுப்புத் திட்டோடு முட்டைகள் வெறுந்தரையில் கிடக்கும். எனக்கே ஒருமுறை செருப்புக்கு ஒரு சாண் தள்ளித்தான் கண்ணில் பட்டது.

வருகிற ஞாயிறும் ஆறு மணிக்குப் பாலத்தில்தான் நிற்பேன். என்னிடம் இரண்டு பைனாகுலர் உண்டு, ஒன்றின் வலக்கண் கொஞ்சம் மங்கல். அதை நான் வைத்துக்கொள்கிறேன். பிளேன்ரீயும் கொண்டு வருவேன்.