நான்காவது மாடு வாங்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

திருவட்டாற்றுத் தொழுத்தில் மூன்று மாடுகள் கறவையில் இருப்பதாகவும், கையிலிருக்கும் சேமிப்போடு கொஞ்சம் கடனும் வாங்கி ஒரே தடவையில் இன்னும் இரண்டைப் பிடித்துவரப் போவதாகவும் எழுதியிருந்தாய். வாங்கு, ஆனால் இரண்டையும் ஒரே மாதத்தில் வாங்காதே.

சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். அதில் கடைசி 60 நாளாவது கறவையை நிறுத்தியாக வேண்டும். ஒன்றாக ஈன்ற மாடுகள் பெரும்பாலும் ஒன்றாகவே வற்றும். பால் சங்கத்திலிருந்து வரவு குறைந்துபோன அந்த இரண்டு மாதமும் தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் பணம் போய்க்கொண்டுதான் இருக்கும். எனவே இப்போது ஈன்று நிற்கும் ஒன்றை வாங்கு. அடுத்ததை ஐந்தாறு மாதம் கழித்துப் பார்க்கலாம். சினைப்பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வருவதால், ஒரு தடவை கவனிக்காமல் விட்டாலும் மூன்று வாரத் தீவனச் செலவு வீண்தான்.

மாடு பார்க்கப் போகும் இடத்தில் தரகர் சொல்லும் லிட்டர் கணக்கை நம்பாதே. மாலையிலும், மறுநாள் காலையிலும், மறுபடி மாலையிலும் நீயே உட்கார்ந்து கறந்து பார். முந்தின வேளை கறக்காமல் மடியைத் தேக்கி வைத்திருந்தால் இரண்டாவது கறவையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். நான்கு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்க்க மறக்காதே. திரிதிரியாகத் தெரிந்தால் மடிநோய். விலை எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வந்துவிடு.

மிச்சப் பணத்தை எதில் போடலாம் என்று கேட்டிருந்தாய். முதலில் வைக்கோலில் போடு. சிரிக்காதே. நாஞ்சில் நாட்டில் முதல் போக நெல்லான கன்னிப்பூவின் வைக்கோல் மழையில் அகப்பட்டுப் பூசணம் பிடிக்க வாய்ப்புண்டு. இரண்டாம் போகமான கும்பப்பூ அறுவடையோ மாசி, பங்குனி வெயிலில் வருவதால் வைக்கோல் நன்றாகக் காய்ந்து கிடைக்கும். அந்தச் சமயத்தில் தோவாளை, பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து வரும் மாதங்களுக்கு வேண்டியதை வாங்கிப் போர் போட்டுவிட்டால், தட்டுப்பாட்டு மாதங்களில் கேட்ட விலை கொடுக்க வேண்டியிராது. ரப்பர் நிழலில் புல் சரியாக வராத உன் நிலத்துக்கு இது கட்டாயம்.

தீவனம், மருந்துச் செலவுக்குக் கடன் வேண்டுமென்றால் கிசான் கடன் அட்டை இருக்கிறது. 2018-19 மத்திய நிதிநிலை அறிக்கையில் அதைக் கால்நடை வளர்ப்போருக்கும் நீட்டித்தார்கள். ஆனால் அது நடப்புச் செலவுக்கான கடன். அதை எடுத்து மாடு வாங்கினால், ஆண்டு முடிவில் கட்டுவதற்கு மாட்டையே விற்க நேரிடும்.

வாங்கிய வாரமே மாட்டுக்குக் காப்பீடு செய். காதில் மாட்டும் அடையாள வில்லை இல்லாமல் இழப்பீடு கேட்டுப் போனால் கையை விரித்துவிடுவார்கள். தூணில் காதை உரசும் மாடாயிருந்தால் வில்லை இருக்கிறதா என்று தினமும் ஒரு பார்வை பார்த்துக்கொள்.

நண்பர் நடத்தும் சீட்டைப் பற்றியும் எழுதியிருந்தாய். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாத சீட்டில் ஒரு ரூபாய்கூடப் போடாதே. நண்பர் மனம் வருந்தினாலும் பரவாயில்லை. இரண்டு மாதத் தீவனச் செலவைத் தனிக் கணக்கில் வங்கியில் வைத்துவிடு. வங்கி நொடித்தாலும் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக்குக் காப்பீடு உண்டு. இந்தத் தீவனப் பணம் போக மிஞ்சுவதை அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதாமாதம் கட்டி வா.

மூன்று மாடுகளுக்கும் சினை ஊசி போட்ட தேதிகளை எழுதி அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு நான்காவதை எந்த மாதத்தில் வாங்குவது என்று முடிவு செய்வோம்.

அன்புடன்,
அண்ணன்