ஒன்பதாம் இடம் நட்சத்திரத்துக்கு உரியதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாட்டு, நகைச்சுவை, வித்தை, குறுநாடகம் என்று தனித்தனி ஆட்டங்களை ஒரே காட்சியில் தொடுத்துக் காட்டும் வாடெவிலுக்கான நியூயார்க்கின் பழைய அரங்குகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் இந்தப் பக்கம் எழுத வருபவர்கள் குறைவு என்பதால் நன்றியும் சொல்ல வேண்டும். ஆனால் அதில் இரண்டு செய்திகள் தவறு. ஆட்டங்களைக் கதம்பமாக, கிடைத்த வரிசையில் தொடுத்தார்கள் என்பது ஒன்று. பெரிய நட்சத்திரம் கடைசி ஆட்டமாக வந்தார் என்பது மற்றொன்று. அதுவும் பேலஸ் அரங்கை உதாரணம் காட்டி இப்படிச் சொன்னதுதான் வருத்தம். வரிசை அமைப்பதை ஒரு கலையாகவே வளர்த்த அரங்கு அது.

பேலஸ் 1913 மார்ச் 24 அன்று பிராட்வேயில், 47ஆம் தெரு அருகே திறக்கப்பட்டது. கட்டியவர் மார்ட்டின் பெக். தொடக்கத்தில் கூட்டம் சேரவில்லை. மே மாதம் பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்ட் வந்த பிறகுதான் அரங்கு தலை நிமிர்ந்தது. பிற்பகல் ஒன்று, இரவு ஒன்று என நாளுக்கு இரண்டு காட்சி. ஆட்டங்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தும் பொறுப்பு ஜார்ஜ் காட்லீப்பிடம் இருந்தது. எந்த இடத்தில் எது, ஏன் என்று 1915-ல் அவரே விளக்கிச் சொன்னது அச்சில் கிடைக்கிறது.

அந்த விளக்கம் புரிய வேண்டுமானால் முதலில் மேடையின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். மேடையின் முன்விளிம்பை ஒட்டி ஐந்தாறு அடி ஆழமுள்ள ஒரு பட்டை. அதன் பின்னால் தெருக்காட்சியோ தோட்டமோ தீட்டிய படுதா இறங்கும். இந்தப் பட்டைக்கு 'ஒன்று' என்று பெயர். படுதாவை மேலே தூக்கி முழு ஆழத்தையும் திறந்தால் 'முழு மேடை'. பாட்டு, பேச்சு, இருவர் நகைச்சுவை இதற்கெல்லாம் 'ஒன்று' போதும். குறுநாடகம், கழைக்கூத்து, விலங்குகள், கூட்ட நடனம் எல்லாம் முழு மேடை கேட்கும். 'ஒன்றில்' ஆட்டம் நடக்கும்போதே படுதாவுக்குப் பின்னால் அடுத்த ஆட்டத்தின் சீன் எழும்பிவிட வேண்டும். நம் கம்பெனி நாடகங்களில் முன்படுதாவுக்கு வெளியே பபூன் கலகலப்பாக்க, உள்ளே தர்பார் சீன் மாறுமே, அதே வேலைதான்.

ஆகவே முழு மேடை ஆட்டம் இரண்டை அடுத்தடுத்து வைக்க முடியாது. வைத்தால் நடுவில் வெற்றுப் படுதாவைப் பார்த்துக்கொண்டு சபை உட்கார்ந்திருக்கும். இரண்டு நிமிடம் போதும், அதுவரை ஏற்றி வைத்த சூடு இறங்கிவிடும். இதனால்தான் முழு மேடையில் தொடங்கி, கடைசிப் பாட்டுக்கு 'ஒன்றுக்கு' நகர்ந்து முடிக்கும் ஆட்டங்களுக்கு மேலாளர்களிடம் மதிப்பு இருந்தது. அந்தக் கடைசி மூன்று நான்கு நிமிடத்தில் சீன் ஆட்கள் பின்னால் பாதி வேலையை முடித்துவிடுவார்கள்.

அவர்களுடைய வேலையைச் சற்றுக் கிட்டத்தில் பார்த்தால் நிதானம் தெரியும். வரவேற்பறைச் சீன் என்பது மரச்சட்டத்தில் துணி இழுத்துக் கட்டி வண்ணம் தீட்டிய பல தட்டிகள். இரண்டு தட்டிகளை நிமிர்த்தி விளிம்போடு விளிம்பு சேர்ப்பார்கள். ஒன்றின் தலைப்பில் தொங்கும் கயிற்றை வீசி, இரண்டின் பின்புறத்திலும் உள்ள முளைகளில் மாற்றி மாற்றி மாட்டி, கீழே இழுத்து உருவு முடிச்சுப் போடுவார்கள். ஆணியோ சுத்தியலோ கிடையாது. முன்னால் ஒருவர் மெல்லிய குரலில் நகைச்சுவை சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் தட்டும் சத்தம் கேட்டால் சிரிப்பு போய்விடும். தட்டிக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையையும் கையால் திருகும் பெரிய திருகாணியால்தான் தரையில் பிடிப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் முடிச்சை ஒரு இழுப்பு இழுத்தால் சுவர் பிரிந்துவிடும்.

இப்போது ஒரு காட்சியின் ஒன்பது ஆட்டங்களின் வரிசைக்கு வருவோம். முதல் ஆட்டம் பேச்சில்லாதது. நடனமோ பழக்கிய விலங்கோ இருக்கும். தாமதமாக வருபவர்கள் இருக்கையைத் தேடும்போது கெட்டுப்போவதற்கு அதில் வசனம் இல்லை. இரண்டாவதில் ஆணும் பெண்ணும் பாடுவது வழக்கம்; சபையை உட்கார வைப்பதே அதன் வேலை. மூன்றாவதில் குறுநாடகம் போல ஒன்று விழிக்க வைக்கும். சபையை முதன்முதலாக அசத்த வேண்டியது நான்காவது. ஐந்தாவது அதையும் மிஞ்ச வேண்டும், ஏனென்றால் அடுத்து இடைவேளை. வெளியே போகிறவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே போக வேண்டும்.

ஆறாவது இடம்தான் மிகக் கடினம். ஐந்தாவது ஏற்றிவிட்ட உயரத்திலிருந்து இறக்கவும் கூடாது, பின்னால் வரப்போகும் ஆட்டங்களை விழுங்கவும் கூடாது. அரங்குக்குள் இன்னும் ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருப்பார்கள். அதனால் பேசாமல் சிரிக்க வைக்கும் வித்தைக்காரர் இங்கே பொருந்துவார். பின்னாளில் சினிமாவில் குரலுக்காகவே பெயர் பெற்ற டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ், வாடெவிலில் பல ஆண்டுகள் வாய் திறக்காமல் பந்தையும் சுருட்டுப் பெட்டிகளையும் வைத்தே சபையைச் சிரிக்க வைத்தவர். ஏழாவது முழு மேடையில் ஒரு நல்ல குறுநாடகம்.

கட்டுரை தவறிய இடம் இனிமேல்தான். நட்சத்திரத்தின் இடம் எட்டு. சபை யாருக்காகக் காத்திருக்கிறதோ அவர், பெரும்பாலும் தனியாளாக, 'ஒன்றில்' வந்து நிற்பார். அவர் முடித்ததும் ஒரு பகுதியினர் தொப்பியையும் கோட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆகவே ஒன்பதாவது மறுபடியும் பேச்சில்லாதது. பார் விளையாட்டு, பெரிய கழைக்கூத்துக் குழு, விலங்குக் கூட்டம் என்று கண்ணுக்கு விருந்தாக ஒன்று. எழுந்து போகிறவர்களின் முதுகுகளைத் தாண்டியும் அது தெரியும்.

இதற்கு மேடைக்குள்ளும் ஒரு காரணம் உண்டு. கழைக்கூத்துக் கம்பிகளை நான்கு பக்கமும் தரையில் கொக்கி போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தாலும் ஆள் விழுவார். அவசரப்படுத்த முடியாத அந்த வேலைக்குத் தேவையான நேரத்தை எட்டாம் இடத்துக்காரர்தான் படுதாவுக்கு முன்னால் நின்று வாங்கிக் கொடுக்கிறார். நட்சத்திரத்தைக் கடைசியில் போட்டால் கம்பி கட்ட நேரம் எங்கே?

வாத்தியக்குழு பற்றிக் கட்டுரையில் ஒரு வரிதான் இருந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரரும் வயலின், கார்னெட், டிராம்போன், டிரம் என்று தனித்தனி இசைத்தாள்களைக் கையோடு கொண்டுவர வேண்டும். ஒத்திகை திங்கள்கிழமை காலை ஒரு முறைதான். இரண்டு பேர் ஒரே பாட்டோடு வந்தால், யாருடைய தாள் முதலில் வந்ததோ அவருக்கே அந்த வாரம் அந்தப் பாட்டு. பாடகர் தயாராகும்வரை திரும்பத் திரும்ப வாசிக்க இரண்டு அல்லது நான்கு தாளச் சுற்று நீளமுள்ள 'வாம்ப்' என்ற சிறு இசைத்துணுக்கு தாளில் இருக்கும். கோமாளி விழும் நொடியில் டிரம் அடி விழ வேண்டும். அரை நொடி தாமதித்தால் அது வெறும் வீழ்ச்சி. அன்று பிற்பகல் காட்சியில் வரிசை இடறியது தெரிந்தால் இரவுக்குள் இடங்களை மாற்றிவிடுவார்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். பேலஸ் இடிக்கப்பட்டதாகக் கட்டுரை முடிகிறது. 1932-ல் இரண்டு காட்சி வாடெவில் நின்று அது சினிமா அரங்கானது, அவ்வளவுதான். அதன் உட்புறம் 1987-ல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் புதிய கட்டடத்துக்காக அந்த அரங்கத்தையே அப்படியே 30 அடி உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினார்கள். 2024-ல் அது மறுபடியும் திறந்தது.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி