என் மகள் பேருந்தில் இனிப்புத் தின்ற காரணம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உலக நீரிழிவு தினத்தையொட்டித் தங்கள் வார இதழின் சுகாதாரப் பக்கத்தில் வெளியான கட்டுரையை, நீரிழிவுள்ள ஒன்பது வயதுப் பிள்ளையின் தாய் என்ற முறையில் ஆவலோடு எடுத்து வாசித்தேன். பேருந்திலும் கோயில் வீதியிலும் பிள்ளையின் கையில் இனிப்பைத் திணித்து வாயை அடைக்கும் தாய்மாரே அப்பிள்ளைகளுக்கு இந்நோயைத் தேடிக் கொடுக்கிறார்கள் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதற்குமேல் என்னால் வாசிக்க முடியவில்லை. அந்த வரியைச் சில மாதங்களுக்கு முன்னர் ஓடும் பேருந்தில், முன்பின் அறியாத ஒருவரின் வாயிலிருந்து, என் பிள்ளையின் காதுபடவே நான் கேட்டிருக்கிறேன்.

அன்று கிளினிக் நாள். காலை இன்சுலின் ஊசியைப் போட்டு, அவசரத்தில் பாதி இடியப்பத்தோடு எழும்பிவிட்ட பிள்ளையைக் கூட்டிக்கொண்டு களுவாஞ்சிக்குடியில் நெடுநேரம் நின்று மட்டக்களப்புப் பேருந்தில் ஏறினேன். கிரான்குளத்தை நெருங்கும்போது, தேற்றாத்தீவு வரை ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தவள் பேச்சை நிறுத்தினாள். மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. முன் இருக்கைக் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. விரலில் குத்தி இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்த்தேன்: 54. எழுபதுக்குக் கீழே போனால் உடனே சீனி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். பையிலிருந்த சோடாவில் ஒரு சிறு கோப்பையளவு குடிக்க வைத்து, கையில் ஒரு டொபியையும் கொடுத்தேன். அப்போதுதான் எதிர்ப்பக்கம் இருந்த பெரியவர், "என்ன தங்கச்சி, விடியக் காலத்தாலயே சோடாவும் டொபியுமா? தாய்மார்தானே பிள்ளைகளைக் கெடுக்கிறது. நாளைக்குச் சீனி வருத்தம் வந்தா யாரைக் குத்தம் சொல்லுவீங்க?" என்றார். பக்கத்திலிருந்த இருவர் தலையாட்டினார்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் குத்திப் பார்க்க வேண்டும் என்பதால் மணிக்கூட்டையும் பிள்ளையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த நான் அவருக்கு ஒரு சொல்லும் மறுமொழி சொல்லவில்லை. கல்லடிக்கு வந்தபோது 88 காட்டியது. அவர் அதற்கு முன்பே இறங்கிப் போய்விட்டார்.

என் மகளுக்கு இருக்கும் முதலாம் வகை நீரிழிவு இனிப்புத் தின்று வருவதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுவதால் வருவது அது. அதைத் தாயும் தடுத்திருக்க முடியாது, பிள்ளையும் தடுத்திருக்க முடியாது. உலக நீரிழிவு தினமான நவம்பர் 14 ஆம் திகதி, இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான பிரெடெரிக் பான்ரிங்கின் பிறந்த நாள். 1922 இல் அம்மருந்து முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஏற்றப்படும் வரை, இத்தகைய பிள்ளைகளின் ஆயுளைச் சில மாதங்களாவது நீட்டுவதற்காக வைத்தியர்கள் அவர்களை அரைப் பட்டினியில் வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளும் மற்றவர்களைப் போலச் சாப்பிட வழி செய்தவரின் பிறந்த நாளில், பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுத்த குற்றத்தைத் தாய்மீது சுமத்தி எழுதுவதற்குத் தங்கள் பக்கத்தில் இடம் கிடைத்ததுதான் என்னை வருத்துகிறது.

இது எனக்குப் புதிதுமல்ல. 2022 இல், நோய் இன்னதென்று தெரியாத நாட்களில், பிள்ளை குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, இரவில் நாலைந்து முறை எழும்பி, கண்முன்னே மெலிந்துகொண்டு போனாள். அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் ஓராண்டுக்குள் 94.9 சதவீதம் ஏறியிருந்தன. எங்கள் தெருவில் மீன் வாங்கிய வீடுகளை எண்ணிவிடலாம். அப்படியிருந்தும் கடையிலும் கிணற்றடியிலும் என்னைக் கண்டவர்கள் கேட்டது, தாய் தின்றுவிட்டுப் பிள்ளையைக் காயப் போட்டிருக்கிறாளா என்பதைத்தான். பிள்ளை மூச்சு வாங்கி, வாந்தியெடுத்து, வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட பிறகு அதே வாய்கள், சீனியை அள்ளிக் கொடுத்திருப்பாள் என்றன. மெலிந்தபோது கொடுக்காதவள், நோய் தெரிந்தபோது கொடுத்தவள்; இரண்டு குற்றமும் ஒரே தாய்க்கு.

சென்ற ஆண்டு ஒரு கோயில் அன்னதானத்தில், பிள்ளைக்குச் சீனி வருத்தம் என்று யாரோ சொல்லக் கேட்ட ஒரு பெண்மணி, அவளது இலையில் விழுந்த பாயாசத்தை என்னைக் கேளாமலே கரண்டியால் வழித்தெடுத்தார். சோறு எவ்வளவு, பாயாசம் எவ்வளவு, அதற்கு ஊசி எத்தனை அலகு என்று நான் கணக்குப் பார்த்து ஊசியும் போட்ட பிறகுதான் பந்தியில் இருத்தியிருந்தேன். அதே பந்தியில் எனக்கு வைத்த வடையை நான் தொட்டபோது, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கத் தாய்க்கு எப்படி இறங்குகிறது என்றும் ஒரு குரல் கேட்டது. விடிய மூன்று மணிக்கு எழும்பிப் பிள்ளையின் விரலில் குத்தி, அந்தத் தூக்கக் கலக்கத்தோடே அடுப்பு மூட்டும் தாய் ஒரு வடை தின்பதற்கும் ஊராரின் அனுமதி வேண்டுமா?

என்னைச் சொன்னதை நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால், சென்ற மாதம் சந்தைக்குப் போயிருந்த இடத்தில் மகளுக்கு மீண்டும் வியர்த்தது. குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தால் வாங்கவில்லை. "எல்லாரும் பாக்கிறாங்க அம்மா, வீட்ட போய்த் திங்கிறன்" என்றாள். கெஞ்சி, என் முந்தானையால் அவள் முகத்தை மறைத்து, அதற்குள் வைத்துத்தான் அவள் வாயில் போட முடிந்தது. பேருந்தில் அந்தப் பெரியவர் நல்லது சொல்வதாக நினைத்துச் சொன்ன சொல் பிள்ளையிடம் செய்த வேலை இது. தங்கள் கட்டுரையை வாசித்து இன்னும் எத்தனை பேர், எத்தனை பேருந்துகளில், அதே சொல்லைத் துணிந்து சொல்வார்களோ என்று நினைக்கும்போது பயமாக இருக்கிறது.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஐந்தாறு வரிகளுக்கு மட்டும் இடம் கேட்கிறேன். ஊசி போடும் பிள்ளைக்குத் திடீரென வியர்வை, நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம், காரணமற்ற கோபம் கண்டால் அது சீனி இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம் என்பதையும், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும் என்பதையும், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓட வேண்டும் என்பதையும் ஒரு வைத்தியரைக் கொண்டு சரிபார்த்து வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி என் மகளின் பாடசாலைப் பையில் வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
களுவாஞ்சிக்குடி.