அந்த அரைப் பத்தியைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஓடிடி பக்கத்தில் 'த ரிச்சுவல்', 'காலிபர்' இரண்டு படங்களையும் சேர்த்து அரைப் பத்தி போட்டிருந்தீர்கள். நான்கு குடிகார நண்பர்கள் காட்டுக்குப் போய் மாட்டிக்கொள்ளும் ஹாலிவுட் சரக்கு, ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்த்த மாதிரிதான் என்று முடித்துவிட்டார் உங்கள் எழுத்தாளர். பதினெட்டு வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். ஒரு வரி இவ்வளவு உறுத்தியதில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இவை ஹாலிவுட் படங்கள் இல்லை, இது உங்களுக்கே தெரியும். 'காலிபர்' மேட் பால்மர் எழுதி இயக்கிய படம், ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் நடக்கும் கதை, 2018இல் எடின்பரோ திரைப்பட விழாவில் சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான மைக்கேல் பவல் விருது வாங்கியது. 'த ரிச்சுவல்' இயக்குநர் டேவிட் ப்ரக்னர் அமெரிக்கர், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூலக்கதை ஆடம் நெவில் என்ற ஆங்கிலேயரின் நாவல், ஸ்வீடனுக்குப் போகும் நான்கு நண்பர்களாக நடித்தவர்களும் பிரிட்டன்காரர்கள், படம் பிடித்தது ருமேனியாக் காட்டில். அப்புறம், 'காலிபர்' படத்தில் நண்பர்கள் நான்கு பேர் இல்லை, இரண்டே பேர். அதைக்கூடக் கவனிக்காதவர் அதன் கடைசிக் காட்சியை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறாரே, அது என்ன நியாயம்? அந்தப் படத்தை இன்னும் பார்க்காத தம்பி ஒருவனுக்கு நான் அதைச் சொல்லி வைத்திருந்தேன். உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு, இனி எதற்கு என்று விட்டுவிட்டான்.

நான் இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 2004 முதல் ஏழு வருடம் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் வேலை பார்த்தேன். 2007 அக்டோபரில் அறை நண்பர்கள் நால்வர் அங்கே கெய்ர்ன்கார்ம் மலைகளில் பென் மக்டூயி என்ற சிகரம் ஏறினோம். 1309 மீட்டர்தான், நம் ஊர் மலைகளைப் பார்த்தவனுக்கு அது பெரிய உயரமில்லை. ஆனால் மேலே மரம் கிடையாது, மறைப்பு கிடையாது, பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்த மலையில் தன் பின்னால் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டு ஓடி வந்ததாக நார்மன் காலி என்ற மலையேறி 1925இல் சொன்னார், அவருக்கு அது நடந்தது 1891இல். சாம்பல் மனிதன் என்று ஒரு உருவத்தைப் பற்றி இன்றும் அங்கே பேசுவார்கள். பப்பில் உட்கார்ந்து கேட்கும்போது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

இறங்கும்போது ஒருவனுக்கு முட்டி பிசகிவிட்டது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. இரண்டு பேர் கீழே போய் உதவி கொண்டுவர வேண்டும், ஒருவன் அவனோடு இருக்க வேண்டும். அவன் என் கையைப் பிடித்து, "நீ இருடா" என்றான். எனக்குத்தான் வழி தெரியும் என்று சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். எனக்கு வழி தெரியாது. அங்கே இருட்டில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். மலை மீட்புக் குழுவினர் போய் ராத்திரி இரண்டு மணிக்கு அவர்களைக் கொண்டு வந்தார்கள். எல்லாரும் தொண்டர்கள், ஒரு பைசா கேட்கவில்லை. திரும்பும்போது காரில் எல்லாரும் ஜோக் அடித்துக்கொண்டே வந்தோம், முட்டி பிசகியவனும்தான். அதற்கப்புறம் ஒரு நாள்கூட நாங்கள் நால்வரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவன் கல்யாணப் பத்திரிகை எனக்குத் தபாலில் வந்தது, போன் வரவில்லை.

'த ரிச்சுவல்' ஒரு மதுக்கடையில்தான் தொடங்குகிறது. கொள்ளையர்கள் ராப் என்பவனை அடித்துக் கொல்கிறார்கள், அவன் நண்பன் லூக் கையில் ஒரு பாட்டிலோடு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறான், நகரவே இல்லை. ஆறு மாதம் கழித்து செத்தவன் நினைவாக லூக்கும் மற்ற மூன்று நண்பர்களும் மலைக்குப் போகிறார்கள், ஒருவனுக்கு முட்டி போகிறது, காட்டுக்குள் குறுக்கு வழி பிடிக்கிறார்கள். கனவில் மரங்களுக்கு நடுவே அந்தக் கடையின் விளக்கும் அலமாரியும் வந்து நிற்கும் இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். காட்டில் ஒரு ராட்சசன் இருக்கிறது, சரி. அது இல்லாவிட்டாலும் இவர்கள் வீட்டுக்கு முழுசாகத் திரும்பியிருக்க மாட்டார்கள். லூக்கைப் பற்றி ஆறு மாதமாக மூன்று பேர் மனதில் வைத்திருந்ததை ஒருவன் வாய்விட்டுச் சொல்லும் காட்சி எனக்கு அந்த ராட்சசனைவிடப் பயமாக இருந்தது. இதையா குடிகாரர்கள் கதை என்கிறீர்கள்?

'காலிபர்' ஊர்க்காரர்களை வில்லன்கள் என்று ஒரே வார்த்தையில் எழுதியதும் தப்பு. அந்த மலைப்பகுதியில் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆட்டு மந்தைக்காகக் குடியானவர்களை வீட்டைவிட்டு விரட்டினார்கள், அப்புறம் அதே நிலங்கள் பணக்காரர்களின் மான் வேட்டைக் காடுகளாயின. இன்றும் ஸ்காட்லாந்தின் தனியார் நிலத்தில் பாதி சில நூறு பேர் கையில்தான். நொடித்துப்போன ஒரு ஊருக்கு நகரத்திலிருந்து இரண்டு பேர் துப்பாக்கியோடு வந்தால் ஊர் எப்படிப் பார்க்கும்? டோனி கரன் நடித்த அந்த ஊர்ப் பெரியவர் முகத்தில் நான் பார்த்தது கவலையைத்தான்.

இது முதல் தடவையும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்தை இங்கிலாந்து என்று எழுதியிருந்தீர்கள், நான் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன், அதை இரண்டு வரியாக வெட்டி, என்னை யாரோ கோபக்காரன் மாதிரி போட்டீர்கள். நம் படங்களில் நண்பர்கள் தோளில் கை போட்டு ஆடினால் நான்கு பக்கம் எழுதுகிறீர்கள், நண்பனை விட்டுவிட்டு வந்தவனைப் பற்றி ஒரு படம் வந்தால் அரைப் பத்தி. குகைக்குள் மாட்டிக்கொள்ளும் தோழிகளைப் பற்றிய 'த டிசென்ட்' என்ற பிரிட்டிஷ் படம் அமெரிக்காவில் வந்தபோது முடிவில் ஒரு நிமிடம் போல வெட்டினார்கள், படத்தின் அர்த்தமே மாறிப்போனது. முடிவு அவ்வளவு முக்கியம். அதை நீங்கள் போகிற போக்கில் அச்சடிக்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஹாலிவுட் என்றது தவறு, 'காலிபர்' நண்பர்கள் இரண்டு பேர் என்று ஒரு திருத்தம் போடுங்கள். இனி முடிவைச் சொல்வதாக இருந்தால் பத்திக்கு மேலே ஒரு எச்சரிக்கை வரி கொடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடம் போதாவிட்டால் படங்களைப் பற்றி எழுதியதை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். மலையில் நடந்ததை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். அவனும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறவன்தான்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
தஞ்சாவூர்