செம்பனைக் காட்டுக் கூகைக்கு ஒரு முகம்

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். பேரன் பிறந்த செய்தியை வீட்டில் படித்துக் காட்டினேன், எல்லோருக்கும் பெருமகிழ்ச்சி. அடுத்த முறை பினாங்கு வரும்போது குழந்தையைப் பார்க்க நிச்சயம் வருவேன். இப்போது என்ன வரைந்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். அதைப் பற்றி உன்னிடம் கேட்க வேண்டியது நிறைய இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பிள்ளைகள் இருவர் ஒரு ஸ்டார்ட்அப் தொடங்கியிருக்கிறார்கள். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கு அன்றைய பழக்குலை விலையையும் லோரி வரும் நேரத்தையும் சொல்லும் செயலி அது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும் என்பதால், லோரிக்காகச் சாலையோரம் காத்துக் கிடப்பவர்களின் கவலை என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தச் செயலிக்கு ஒரு மாஸ்காட், அதாவது அதன் அடையாளமாக நிற்கும் ஒரு பாத்திரம், வேண்டுமென்று என்னிடம் வந்தார்கள்.

சிரிக்கும் பழக்குலை ஒன்றை வரைந்தால் போதும் என்பது அவர்களுடைய எண்ணம். வரைந்து காட்டினேன், ஆனால் நகத்தளவுக்குச் சுருக்கியவுடன் அது ரம்புத்தான் பழம்போல் ஆகிவிட்டது. அதோடு, குலைக்கு வேலை எதுவும் இல்லை. அது வெட்டப்படும், ஏற்றப்படும், அவ்வளவுதான். தானாக எதையும் செய்யாத ஒன்றை வைத்து எத்தனை நாளைக்குக் கதை சொல்ல முடியும்? புலியைப் பற்றியும் பேசினோம். நாட்டுச் சின்னத்திலேயே இரண்டு புலிகள் நிற்கின்றன, 2017இல் நடந்த சீ என்னும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிக்கும் புலிதான் மாஸ்காட். கூட்டத்தில் இன்னொரு புலியை யார் அடையாளம் காணப் போகிறார்கள்?

மிஷலின் நிறுவனத்தின் டயர் மனிதனை நினைத்துப் பார். 1894இல் லியோன் கண்காட்சியில் அடுக்கி வைத்திருந்த டயர்களைப் பார்த்தபோது, கை மட்டும் இருந்தால் மனிதன்தான் என்று அதை நடத்திய மிஷலின் சகோதரர்களில் ஒருவருக்குத் தோன்றியதாம். 1898இல் அது சுவரொட்டியில் உயிர் பெற்றது. தொழில் நடக்கும் இடத்திலேயே கிடந்த உருவம் அது. நம் தொழில் நடக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடியபோதுதான், செம்பனை வரிசைகளுக்கு நடுவே கம்பத்தில் நிற்கும் மரப்பெட்டிகள் கண்ணில் பட்டன. பழத்தைத் தின்னும் எலிகளைப் பிடிப்பதற்காகத் தோட்டங்கள் கூகை என்னும் ஆந்தைகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகள் அவை.

ஒரு பிள்ளையின் தாயார் உடனே மறுத்தார். ஆந்தை அலறினால் ஆகாது என்று வளர்ந்தவர்கள் நாம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டத்தில் ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்ற மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒருவர் எங்களைப் பெட்டியடிக்கு அழைத்துச் சென்று, கூகை கக்கிய சாம்பல் நிற உருண்டை ஒன்றைக் குச்சியால் பிரித்துக் காட்டினார். மயிருக்குள் எலியின் மண்டையோடு ஒன்று முழுதாக இருந்தது, மஞ்சள் பல்லும் உதிராமல். விஷ உருண்டை போடுவதைவிட இது மேல், விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும் என்று அவர் சொன்னார். அம்மையார் மேற்கொண்டு மறுக்கவில்லை. இருட்டில் நின்று பார்க்கும் படம் மட்டும் வேண்டாம் என்றார். அது நியாயமான கோரிக்கை. ஆகவே எங்கள் கூகை விடியற்காலை வெளிச்சத்தில், பெட்டியின் வாசலில் நிற்கிறது.

இனி முகத்தைப் பற்றி. மொழி கற்பிக்கும் டுவோலிங்கோவுக்குப் பச்சை ஆந்தை ஒன்று ஏற்கனவே இருப்பதால் அதன் சாயல் துளியும் வரக்கூடாது. நல்லவேளையாகக் கூகைக்கு இதய வடிவில் வெள்ளை முகமும் கருத்த சிறு கண்களும் இயற்கையிலேயே அமைந்திருக்கின்றன. லோரிக் கதவில் தகடு வைத்துச் சாயம் அடிக்க வேண்டும் என்பதால், கண்கள் இரண்டையும் நெற்றியிலிருந்து இறங்கும் மூக்குக் கோட்டோடு சேர்த்துவிட்டேன். தகட்டை வெட்டும்போது கண் தனியே கழன்று விழாது. ஒரே நிறத்தில், ஒரே வெட்டில் முகம் நிற்கிறது. இத்தனை ஆண்டு விளம்பரப் பலகை எழுதிய கை இதற்குத்தான் உதவியது என்று நினைக்கிறேன்.

அந்த முகத்தட்டுதான் ஓசையைத் திரட்டிக் காதுக்கு அனுப்புகிறது. காதுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லாததால் கும்மிருட்டிலும் எலி இருக்கும் இடம் அதற்குத் தெரிந்துவிடும். இதைப் படித்தபோது எனக்கு அதன் குணமே பிடிபட்டது. எங்கள் கூகை பேசுவதைவிட அதிகம் கேட்கும். லோரி கிளம்பினாலோ விலை மாறினாலோ மட்டும் அறிவிப்பு அனுப்பும். ஏன் செயலியைத் திறக்கவில்லை என்று யாரையும் நச்சரிக்காது. படத்தைவிட இந்த நடத்தை விதியைத்தான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாளை வேறொருவர் வரைந்தாலும் அது மாறக்கூடாது.

ஜப்பானில் குமாமொத்தோ மாநிலம் 2010இல் உருவாக்கிய குமாமோன் கரடியை, அனுமதி பெற்ற உள்ளூர்ப் பொருள்களில் கட்டணமின்றிப் போட விட்டார்கள். அதுபோல லோரி ஓட்டுநர்களும் உரக் கடைக்காரர்களும் கூகையை ஒட்டிக்கொள்ள விடுங்கள் என்று கேட்டிருக்கிறேன், யோசிக்கிறார்கள். உரிமையைப் பொறுத்தவரை, 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்து வரையச் சொன்னவருக்கே படம் சொந்தம். அதில் எனக்கு வருத்தமில்லை. வணிகச் சின்னமாகவும் பதிந்துகொள்ளச் சொன்னேன். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும்.

முடிவாகாமல் நிற்பது கால்தான். கூகைக்கு உண்மையில் நீண்ட கால்கள். பிள்ளைகளோ கொழுகொழுவென்று குட்டைக் கால் கேட்கிறார்கள். நீண்ட கால் இருந்தால்தான் அது நம் தோட்டத்துப் பறவை, குட்டையாக்கினால் பொம்மைக் கடைப் பறவை என்பது என் கட்சி. இரண்டு படங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்து, பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு எழுது. மாதக் கடைசியில் லோரிகளுக்குச் சாயம் அடிக்கத் தொடங்குகிறோம். அதற்கு முன் உன் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய தோழன்